சுவரில் பிறந்த மகன்கள்

பல்கலைக்கழக வாசலில் காவலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பேரு?"

மூட்டைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பேரைச் சொல்லவே கூடாது என்று ஆராய்ச்சி மாணவி போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வாசலில் கேட்டாலும் சொல்லாதீர்கள், வழியில் கேட்டாலும் சொல்லாதீர்கள், நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் துறைக்கு உயிர்மூச்சு என்று.

"ரெண்டு-ரெண்டு" என்றார்.

"பஸ் நம்பரா?"

"இல்லீங்க, நான்தான். ரெண்டாம் தலைமுறையில ரெண்டாவது ஆளு."

"நான்கூட எங்க வீட்டுல கடைக்குட்டிதான். அதையா வாசல்ல வர்றவங்க கிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கேன்? பேரு இல்லாம உள்ள விட முடியாதுய்யா."

"பேரோட உள்ள போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே."

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூட்டைக்காரருக்கு நிற்க முடியவில்லை. ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார். சட்டைப்பையில் போன் துடித்தது. மகள்தான்.

"என்னப்பா, சொல்லிட்டாங்களா?"

"வாசலையே இன்னும் தாண்டலை கண்ணு."

"காலையில கிளம்புன ஆளு! அங்க என்னதான்பா பண்றீங்க?"

விஷயம் இதுதான். மூட்டைக்காரர் குடும்பத்தில் ஒரு நோய் ஓடிக்கொண்டிருந்தது. கையால் எதையாவது இறுக்கிப் பிடித்தால் பிடித்தது பிடித்ததுதான். விரலுக்கு விடத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அதுவாக மனசு வந்து விரிந்து கொடுத்தால் உண்டு. குளிர் பட்டால் அந்த மனசும் வராது. நாற்பதை ஒட்டித்தான் தலைகாட்டும், அப்புறம் வயசு ஏற ஏற கையிலிருந்து காலுக்கும், காலிலிருந்து நெஞ்சுக்கும் போகும். முதலில் வந்தது அவருடைய அக்காவுக்கு. தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள். அது நெஞ்சு வரை ஏறியதும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவருக்கு இப்போதைக்குக் கையோடு நிற்கிறது. கிடங்கில் மூட்டையை இறக்கிப் போட்டால் மூட்டை விழும். விடத் தெரியாத கையோடு கூடவே இவரும் விழுவார். "அண்ணனுக்கு மூட்டை மேல அப்படி ஒரு பாசம்" என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். இவரும் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்.

மகளுக்கும் அது இருக்கிறதா இல்லையா? அதுதான் கேள்வி. ஆஸ்பத்திரி டாக்டர், "பாதிக்குப் பாதி. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தை வெச்சு உறுதியா சொல்ற மெஷின் பல்கலைக்கழகத்துலதான் இருக்கு" என்று கையைக் காட்டிவிட்டார். அக்கா இருந்தபோதே அவள், இவர், மகள் மூன்று பேரும் இங்கே வந்து ட்யூப் ட்யூபாக ரத்தம் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு, முடிவு வந்துவிட்டதா என்று கேட்கும்போதெல்லாம் "ஆராய்ச்சி நல்லா போயிட்டிருக்கு" என்ற பதில் மட்டும் தவறாமல் வந்தது.

மகள் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவள். அதே கட்டடத்தில் வயரிங் பண்ணும் கரண்ட்காரர் ஒருவர், கட்டிக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டிருந்தார். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. நாளைக்கு அவர் வேறு ஊர் வேலைக்குக் கிளம்புகிறார். இன்றைக்குள் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் தெரியாமல் எப்படிச் சொல்வாள்?

"இருந்தா இருக்குன்னு சொல்லிடுவேன். இல்லன்னா இல்லன்னு சொல்லிடுவேன். எதுன்னு தெரியாம சரின்னு சொன்னா அது ஏமாத்துப்பா" என்று விடிந்ததிலிருந்து ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். இன்றைக்குப் பார்த்து மாணவியும் போன் பண்ணி, விழா இருக்கிறது, வந்தே ஆக வேண்டும், "முடிவையும் காட்டுவாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூட்டைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

ஒருவழியாக மாணவியே ஓடிவந்தாள். மாணவி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். சேரும்போது சின்னப் பெண்ணாக இருந்தவள்தான். இப்போது காதோரம் நரைத்துவிட்டது, ஆராய்ச்சி இன்னும் பழுக்கவில்லை. வந்தவள் மூட்டைக்காரர் முகத்தில் ஒரு முகமூடியையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டி, தலையில் ஒரு தொப்பியையும் கவிழ்த்தாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"நீங்க யாருன்னு தெரியக் கூடாதுல்ல அங்கிள்."

வளாகத்தில் போகிற வருகிற ஆளெல்லாம் நின்று, இது யாரடா என்று திரும்பிப் பார்த்தார்கள். வெறும் முகத்தோடு போயிருந்தால் ஒரு ஈ காக்காகூடத் திரும்பியிருக்காது.

துறைக்கு இரண்டு மாடி. கீழே எழுத்துப் பேராசிரியர், மேலே புள்ளிப் பேராசிரியர். அதெல்லாம் மூட்டைக்காரர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பேர்கள். முதல் தடவை வந்தபோது மாணவி விளக்கியிருந்தாள்: உடம்பு முழுக்க எழுத்தாக எழுதி வைத்திருக்கிறது, எழுத்து தப்பாக விழுந்தால் நோய், அது கீழ்மாடி. எழுத்துக்கு மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டு, எந்த எழுத்து பேச வேண்டும் எது வாயை மூட வேண்டும் என்று புள்ளிதான் சொல்லும், அது மேல்மாடி. மூட்டைக்காரருக்கு அது நன்றாகவே புரிந்தது. புரியாதது ஒன்றுதான்: எழுத்தும் புள்ளியும் ஒரே உடம்புக்குள் சண்டை இல்லாமல் இருக்கும்போது, இந்த இரண்டு பேர் மட்டும் ஏன் ஒரே படிக்கட்டில் ஏற மாட்டேன் என்கிறார்கள்?

துறைக்கு ஃப்ரீசர் ஒன்றுதான். அதன் நடுவே சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் எழுத்து, அந்தப் பக்கம் புள்ளி. மூட்டைக்காரர் குடும்பத்து ரத்தம் சரியாக டேப் மேலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேராசிரியர்களும் சேர்ந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். அவர்கள் சேர்ந்து வந்ததே இல்லை.

"அப்போ ஆராய்ச்சி எப்படிம்மா நடக்குது?"

"முதல் தடவை எடுத்ததை வெச்சுத்தான் அங்கிள். அதுலயே நாப்பது கட்டுரை எழுதிட்டோம்."

விழா மண்டபத்தில் ஏசி எலும்பைத் தொட்டது. மூட்டைக்காரர் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். போன் துடித்தது. எடுக்கப் போனார், மாணவி, உஷ் என்றாள். நின்றது. மறுபடி துடித்தது.

மேடையில் துணைவேந்தர் எழுந்தார்.

"அறிஞர்களே! ஒரு பல்கலைக்கழகத்துக்கு என்ன வேண்டும்? நல்ல கட்டடம் வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது. நல்ல பேராசிரியர்கள் வேண்டும். நமக்கு நல்ல கட்டடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், நல்ல நோய் வேண்டும்! பக்கத்துப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அவர்களிடம் இருப்பதெல்லாம் சாதாரண சர்க்கரை, சாதாரண ரத்தக்கொதிப்பு. நமக்கோ இப்படி ஓர் அபூர்வமான குடும்பம் கிடைத்திருக்கிறது. இவர்கள் நோய்வாய்ப்பட்டது நாம் செய்த பாக்கியம். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று அறிந்து ஆழ்ந்த வருத்தம் அடைந்தேன். அவருடைய திசுவை நேரத்தோடு வாங்கிவிட்டார்கள் என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன்."

கைதட்டினார்கள்.

"சிலர் கேட்கிறார்கள், இதற்கு மருந்து எப்போது வரும் என்று. அவசரப்படக் கூடாது. மருந்து வந்துவிட்டால் இந்தத் துறையை என்ன செய்வது? இங்கே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்! அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது அல்லவா?"

அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"பெயர் சொல்ல முடியாத நம் சிறப்பு விருந்தினரை மேடைக்கு அழைக்கிறேன்!"

மூட்டைக்காரரை மாணவி தள்ளிவிட்டாள். கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாமல் தடவித் தடவி ஏறினார். துணைவேந்தர் கையை நீட்டினார். பெரிய மனிதர் நீட்டும்போது எப்படி மறுப்பது? பிடித்துக் குலுக்கினார். போட்டோக்காரர், "இன்னும் கொஞ்சம் இறுக்கமா" என்றார். இறுக்கினார்.

அவ்வளவுதான். குளிரில் விறைத்த கை பூட்டிக்கொண்டது.

போட்டோ எடுத்தாயிற்று. துணைவேந்தர் சிரித்தபடியே கையை இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் சிரித்து, இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"போதும், விடுங்க" என்றார் பல்லுக்குள்.

"நான் எப்பவோ விட்டுட்டேன் சார். கைதான் இன்னும் விடலை."

கீழே இருந்தவர்கள், ஆகா, எவ்வளவு நன்றியுள்ள குடும்பம் என்று எழுந்து நின்று தட்டினார்கள். எழுத்துப் பேராசிரியர் மேடையில் பாய்ந்து ஏறி மைக்கைப் பிடித்தார். "பாருங்கள், கண்ணெதிரே பாருங்கள்! இது எழுத்துப் பிழையால் வந்த பிடி!" புள்ளிப் பேராசிரியர் மறுபக்கத்திலிருந்து ஏறினார். "எழுத்து மட்டும் இருந்தால் இவ்வளவு நேரம் நிற்குமா? இது புள்ளி! தகப்பன் தூக்கிய பாரம் பிள்ளையின் எழுத்தில் புள்ளியாக விழுகிறது என்று நான் சொன்னபோது சிரித்தீர்களே!"

"கையை எடுத்துவிடுங்களேன்" என்றார் துணைவேந்தர்.

"ஒரு நிமிஷம் சார், அசையாதீங்க. எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்த்துடலாம்" என்றார் புள்ளிப் பேராசிரியர்.

மாணவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூட்டைக்காரர் கையைப் பிடித்து யாராவது லேசாகத் தேய்த்துச் சூடேற்றியிருந்தால் விட்டிருக்கும். அப்படித் தேய்ப்பதற்கு அந்த மண்டபத்தில் ஆள் இல்லை. வீட்டில் அக்கா தேய்த்துவிடுவாள், அப்புறம் மகள். கடைசியில் கை தானாகவே அலுத்துப் போய் விட்டது. துணைவேந்தர் விரல்களை ஊதிக்கொண்டே ஒரு நினைவுக் கேடயத்தைக் கொடுத்தார். பேர் எழுதும் இடத்தில் வழவழவென்று ஒன்றுமில்லாமல் விட்டிருந்தார்கள்.

விழாவின் முக்கியக் கட்டம் வெளியே, நடைபாதைச் சுவரில். திரையை இழுத்தார்கள். சுவர் முழுக்க வெள்ளைப் பலகை, அதில் கட்டங்களும் வட்டங்களும் கோடுகளும். கட்டம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். நோய் இருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. செத்தவர்கள் மேல் ஒரு சாய்கோடு. "இதுதான் உங்க குடும்பம் அங்கிள்" என்று மாணவி காதில் சொன்னாள்.

மூட்டைக்காரர் பலகையை ஒட்டிப் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளைத் தேடினார். மகள் என்றால் வட்டம். கறுப்பா, வெள்ளையா? ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் எங்கே தேடியும் அவருடைய கறுப்புக் கட்டத்துக்குக் கீழே வட்டமே இல்லை. இரண்டு கட்டம்தான் இருந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.

மேலே பார்த்தார். அக்கா இருக்க வேண்டிய இடத்தில் சாய்கோடு போட்ட ஒரு கறுப்புக் கட்டம்.

"இது யாரோட குடும்பம்மா? மாத்தி வெச்சுட்டீங்க போல."

அப்போதுதான் பின்னால் மகளின் குரல் கேட்டது. "போனை எடுக்க மாட்டீங்களாப்பா?" பொறுக்க முடியாமல் வேலைத் தலைக்கவசத்தோடு அப்படியே வந்துவிட்டிருந்தாள். வாசலில் காவலாளி பேர் கேட்டதற்குச் சத்தமாகப் பேரைச் சொல்லிவிட்டு நேராக உள்ளே நடந்து வந்தாளாம். "இந்த வேஷம் எதுக்கு? சொல்லிட்டாங்களா, இல்லையா?"

புள்ளிப் பேராசிரியர் பக்கத்தில்தான் நின்றார். மூட்டைக்காரர் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சார், எனக்கு இருக்கறது ஒரே ஒரு பொண்ணு. இதோ இவதான். இங்க ரெண்டு பையன் இருக்கே?" என்றார்.

பேராசிரியர் முகம் பூரித்தது. "அதுதான் பாதுகாப்பு! படத்தைப் பார்த்து உங்களை யாரும் கண்டுபிடிச்சுடக் கூடாது இல்லையா? அதனால வெளியிடறதுக்கு முன்னாடி அங்கங்க சில பேரை மட்டும் ஆணைப் பெண்ணாவும் பெண்ணை ஆணாவும் மாத்துவோம். மேலும் பாதுகாப்புக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்தும் விடுவோம். உலகம் முழுக்கச் செய்யறதுதான். நாங்க கொஞ்சம் அதிகமாவே செஞ்சுட்டோம்."

"எங்க அக்கா..."

"அவங்களை அண்ணனா மாத்தியாச்சு."

"அவ செத்துட்டாளே சார். அவளுக்கு இனிமே என்ன பாதுகாப்பு?"

"செத்தவங்களுக்கும் அந்தரங்கம் உண்டு ஐயா" என்று பேராசிரியர் கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னார்.

மகள் இடையில் புகுந்தாள். "அது கிடக்கட்டும் சார். மாத்தாத படம் ஒண்ணு இருக்குமில்ல? அதைப் பார்த்து நான் எதுன்னு சொல்லிடுங்க. கிளம்பிடறோம்."

"அதை அழிச்சுட்டோம்மா."

"அழிச்சிட்டீங்களா?"

"அந்தரங்கம்! ட்யூப் மேல இருந்த அடையாளத்தையும் சேர்த்துத்தான். இப்போ உங்க ரகசியம் எங்களுக்கே தெரியாது. அவ்வளவு பத்திரம்."

"அப்போ எதை வெச்சு ஆராய்ச்சி பண்றீங்க?"

"இந்தப் படத்தை வெச்சுத்தான். இதை வெச்சுத்தான் இந்த நோய் ஆண்களுக்கு மட்டும்தான் வரும்னு கண்டுபிடிச்சோம். கறுப்பெல்லாம் கட்டம்தான், பாருங்க. ஒரு வட்டம்கூடக் கறுப்பு இல்லை. உலகமே மூக்கு மேல விரலை வெச்சுது."

மகள் அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "நீங்கதானே சார் எங்க அத்தையை ஆம்பளையா மாத்தினீங்க?"

"மாத்தினது மாணவி. கண்டுபிடிச்சது நான். அது வேற, இது வேற." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "எழுத்துப் பேராசிரியர் தானும் சேர்ந்து கண்டுபிடிச்சதா சொல்லிட்டிருக்கார். நம்பாதீங்க."

மாணவி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா ரத்தம் எடுத்துக்கங்க" என்று மகள் சட்டைக் கையை மடக்கினாள். "இப்பவே எடுங்க. மெஷின் இங்கதானே இருக்கு?"

"இருக்கு. ஆனா நீங்க பெண். பெண்களுக்கு வராதுன்னு நிரூபிச்சாச்சு. வராத நோய்க்கு நான் எப்படிம்மா டெஸ்ட் எழுத முடியும்? நாளைக்கு யாராவது கேட்டா என் கண்டுபிடிப்பை நானே நம்பலைன்னு ஆயிடாதா?" குரலைத் தணித்து, ஒரு தகப்பனைப்போல அவள் தோளில் கை வைத்தார். "பயப்படாதீங்க. விஞ்ஞானப்படி உங்களுக்கு இல்லை. போய்ச் சந்தோஷமா இருங்க."

மூட்டைக்காரர் மகளைப் பார்த்தார். இல்லை என்று படித்த மனிதர் வாயாலேயே வந்துவிட்டது. அந்த வார்த்தையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றத்தான் செய்தது. தோளில் எத்தனையோ பாரம் தூக்கியவர். ஒரு பொய்யைத் தூக்க முடியாதா? ஆனால் பானையின் காதைப் பிடித்த கை விடாமல் அக்கா அடுப்படியில் அப்படியே குனிந்து நின்றதை அவர் பார்த்திருக்கிறார்.

"உங்க அத்தையை நினைச்சுக்க கண்ணு" என்றார்.

"தெரியும்பா." அவள் அந்த இரண்டு கட்டத்தின் முன்னால் போய் நின்றாள். "ரெண்டுல ஒண்ணு நான். அதானே சார்?"

"அப்படியும் சொல்லலாம்."

"அதைத்தான் ஆஸ்பத்திரி டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. பாதிக்குப் பாதின்னு."

"அவர் சும்மா சொன்னது. நாங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்றோம்" என்றார் பேராசிரியர்.

அவள் போனை எடுத்தாள். அப்பாவுக்கு முன்னாலேயே, அத்தனை படித்தவர்களுக்கும் முன்னாலேயே கரண்ட்காரரைக் கூப்பிட்டாள்.

"நான்தான். இல்ல, இன்னும் இங்கதான் இருக்கேன். தெரியலை. இல்லைங்க, நெஜமாவே தெரியலை. இவங்களுக்கும் தெரியாதாம், தெரியாம இருக்கறதுக்குன்னே நிறைய வேலை பண்ணியிருக்காங்க. கேளுங்க. இருந்தாலும் இருக்கும். நாப்பது வயசுல உங்க கையைப் பிடிச்சா விட மாட்டேன். அதுக்கப்புறம் எப்ப வேணா உக்காந்துடுவேன். பிள்ளைக்கும் வரலாம். இல்லாமலும் போகலாம். இப்ப சொல்லுங்க, யோசிச்சுச் சொல்லுங்க."

மூட்டைக்காரர் காதைக் கிட்டே கொண்டுபோனார். போனுக்குள் அந்த மனிதர் என்னவோ சொன்னார். அதிகம் இல்லை, சின்னதாக. மகள் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தை அதற்குள் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். அப்புறம், "சரி, வர்றேன்" என்று போனை வைத்தாள்.

"என்னம்மா சொன்னாரு?"

"நாளைக்குக் கிளம்பலையாம்பா. வேற ஆளை அனுப்பிடறாராம்."

புள்ளிப் பேராசிரியர் முகத்தில் விளக்கு எரிந்தது. "கல்யாணமா? அருமை! குடும்பம் விரியுது!" பையிலிருந்து பேனாவை எடுத்துச் சுவருக்குப் பாய்ந்தார். எழுத்துப் பேராசிரியர் எங்கிருந்தோ இன்னொரு பேனாவோடு ஓடிவந்தார். மகன் என்று ஆகிவிட்ட பிறகு மகனுக்கு வருவது மருமகள்தானே? கரண்ட்காரருக்கு வட்டம்தான் போட வேண்டும். அதில் இரண்டு பேராசிரியர்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அவர்கள் ஒத்துப்போனதை மாணவி அன்றைக்குத்தான் பார்த்தாளாம்.

பேனா கறுப்புக் கட்டத்துக்கும் வெள்ளைக் கட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றது.

"எந்த மகனுக்கும்மா கல்யாணம்?"

மூட்டைக்காரர் வெள்ளையைக் காட்டக் கையைத் தூக்கினார். மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரெண்டுக்கும் போடுங்க சார். அவரு ரெண்டுக்கும் சரின்னுதான் சொல்லியிருக்காரு."